விவாகரத்தில் சொத்து பாதியாகப் பிரியுமா? சொத்துரிமையும் ஜீவனாம்சமும்: ஓர் எளிய விளக்கம்

விவாகரத்துப் பேச்சு எழுந்ததும் இரு வீட்டாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: சொத்தில் பாதி மனைவிக்குப் போகுமா? ஒரு வீட்டார் அதை அச்சத்தோடும் மற்ற வீட்டார் எதிர்பார்ப்போடும் கேட்பார்கள் என்பது மட்டுமே வேறுபாடு. இந்து திருமணச் சட்டம், 1955-இன் கீழ் வரும் தம்பதியருக்கு, அதாவது தமிழ்நாட்டின் பெரும்பாலான தம்பதியருக்கு, இதற்கான விடை சுருக்கமானது. திருமணக் காலத்தில் சேர்ந்த சொத்தை விவாகரத்தின்போது இன்ன விகிதத்தில் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் அவர்களுக்கு இல்லை.

பாதிப் பங்கு என்ற எண்ணம் பெரும்பாலும் வெளிநாட்டுச் செய்திகளிலிருந்து வந்தது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் திருமணக் காலத்தில் இருவரில் யார் ஈட்டியதும் பொதுச் சொத்தாகக் கொள்ளப்பட்டு, பிரியும்போது சமமாகப் பங்கிடப்படுகிறது. இந்தியாவுக்குள்ளேயே கோவாவில், 1867-ஆம் ஆண்டின் போர்த்துகீசிய சிவில் சட்டத்தின் குடும்பப் பகுதி இன்றும் நடைமுறையில் இருப்பதால், தம்பதியர் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்துகொள்ளாதவரை இருவரின் சொத்தும் பொதுவாகவே கருதப்படுகிறது. நாட்டின் பிற பகுதிகளுக்கும் இதற்கு ஓரளவு நெருக்கமான ஏற்பாட்டைக் கொண்டுவர 2010-இல் திருமணச் சட்டத் திருத்த மசோதா ஒன்று முன்வைக்கப்பட்டது. கணவரின் சொத்தில் மனைவிக்கு ஒரு பங்கு வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் தரும் வகையில் மாற்றப்பட்ட அந்த மசோதா 2013 ஆகஸ்டில் மாநிலங்களவையில் நிறைவேறியது, ஆனால் சட்டமாகவில்லை.

ஆகவே நம் சட்டத்தில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சொத்து யாருடையது என்பது முதல் கேள்வி. அதற்குப் பத்திரமும் பணம் வந்த வழியும் பதில் சொல்லும். பிரிந்த பிறகு ஒருவர் மற்றவரின் வாழ்க்கைச் செலவுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு இருவரின் வருமானமும் வாழ்ந்த தரமும் பதில் சொல்லும். பிற நாடுகளில் சொத்துப் பங்கீடு செய்யும் வேலையின் பெரும்பகுதியை இங்கே ஜீவனாம்சம் என்னும் ஒரே கருவிதான் செய்தாக வேண்டியிருக்கிறது. நம் குடும்ப நல நீதிமன்றங்களில் ஜீவனாம்ச வழக்குகள் இவ்வளவு கடுமையாக நடத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

சொத்து யாருடையது?

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். திருமணமாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆன தம்பதியர். கணவர் பெயரில் ஓர் அடுக்குமாடி வீடு. அதற்கான மாதத் தவணை அவருடைய சம்பளத்திலிருந்து போகிறது. குழந்தை பிறந்தபோது மனைவி வேலையை விட்டுவிட்டார். அந்த வீட்டின் கிரயப் பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருப்பதால், விவாகரத்தின்போது சட்டத்தின் பார்வையில் அது கணவரின் சொத்து. மனைவி சமைத்ததும், குழந்தையை வளர்த்ததும், மாமியாரை மருத்துவமனைக்கு அழைத்துப் போனதும் பத்திரத்தில் ஏறுவதில்லை. மனைவி தம் நகையை விற்றோ அடகு வைத்தோ முன்பணம் கொடுத்திருந்தால் நிலைமை சற்று மாறும். ஆனால் நகைக்கடன் ரசீது, வங்கிப் பரிமாற்ற விவரம் போன்ற சான்றுகளைக் காட்டி அதை அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

வீடு இருவர் பெயரிலும் இருந்தால் இருவரும் உரிமையாளர்கள். பத்திரத்தில் பங்கின் அளவு குறிக்கப்படவில்லை என்றால் சரிபாதி என்று தொடங்கி, யார் எவ்வளவு பணம் போட்டார் என்ற சான்றைக் கொண்டு அதை மாற்ற முயல்வார்கள். கணவர் தம் பணத்தில் மனைவி பெயரில் வாங்கிய வீடு இன்னும் சிக்கலானது. பினாமி பரிவர்த்தனைத் தடைச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, கணக்கில் வந்த வருமானத்தைக் கொண்டு மனைவி பெயரில் வாங்கும் சொத்து பினாமி ஆகாது என்ற விலக்கு இருப்பதால், "பணம் என்னுடையது" என்று கணவர் வழக்காடுவதற்கு வழி இருக்கிறது. அந்த வீட்டை அவர் மனைவிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தாரா, வசதிக்காக அவர் பெயரில் வாங்கினாரா என்பதைச் சாட்சியங்களை வைத்து நீதிமன்றம் முடிவுசெய்யும்.

இந்த இடத்தில் 2023 ஜூன் மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பைச் சொல்லியாக வேண்டும். கணவர் சவுதி அரேபியாவில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்துகள் பற்றிய வழக்கு அது. இல்லத்தரசியின் உழைப்பு இல்லாமல் கணவரால் அந்தச் சம்பாத்தியத்தை ஈட்டியிருக்க முடியாது என்று கூறி, சில சொத்துகளில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்று நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவிக்குச் சொத்தில் பாதி என்ற தலைப்புகளோடு இது பரவலாகப் பேசப்பட்டது. ஆனால் அது விவாகரத்து வழக்கு அன்று, சொத்துரிமை வழக்கு. அதுவும் ஒற்றை நீதிபதியின் தீர்ப்பு. வீட்டு உழைப்பும் பொருளாதாரப் பங்களிப்பே என்று வாதிட அது வலுவான துணை. ஆனால் விவாகரத்து கேட்கும் எல்லோருக்கும் பாதிச் சொத்து கிடைக்கும் என்பதற்கான உத்தரவாதம் அன்று.

பரம்பரைச் சொத்தில் குழப்பம் இன்னும் அதிகம். கணவர் உயிரோடு இருக்கையில் அவருடைய பூர்வீகச் சொத்தில் மனைவி பங்கு கேட்க முடியாது. விவாகரத்துக்குப் பிறகு அவர் வாரிசும் ஆகமாட்டார். ஆனால் பிள்ளைகளின் உரிமை பெற்றோரின் பிரிவால் மாறுவதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்து இருந்தால் அதில் மகனுக்கும் மகளுக்கும் உள்ள பங்கு அப்படியே நிற்கும். அதேபோல, மனைவி தம் பிறந்த வீட்டிலிருந்து பெற்ற சொத்தில் கணவருக்கு எந்தப் பங்கும் இல்லை. மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்துவிட்டது. மத்தியச் சட்டம் 2005-இல்தான் அந்த இடத்துக்கு வந்தது.

குடியிருக்கும் உரிமையை உடைமையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005-இன்படி, மனைவி வாழ்ந்த பகிர்ந்துகொண்ட இல்லத்திலிருந்து அவரைச் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமல் வெளியேற்ற முடியாது. அந்த வீடு மாமனார் அல்லது மாமியார் பெயரில் இருந்தாலும் அது பகிர்ந்துகொண்ட இல்லமாக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தெளிவுபடுத்தியது. ஆனால் இது தலைக்குமேல் கூரை தரும் உரிமை மட்டுமே. வீட்டில் பங்கு தரும் உரிமை அன்று.

நகையும் சீர்வரிசையும்

சொத்துப் பேச்சில் பெண் தரப்புக்குச் சட்டம் மிகத் தெளிவாகத் துணை நிற்கும் இடம் இதுதான். திருமணத்துக்கு முன்னும், திருமணத்தின்போதும், அதற்குப் பிறகும் பெண்ணுக்கு அவருடைய பெற்றோரோ, உறவினரோ, கணவரோ, கணவர் வீட்டாரோ கொடுத்த நகை, பணம், பாத்திரம், பீரோ, வாகனம் எல்லாம் அவருடைய சீதனம். கணவர் வீட்டில் இருப்பதாலேயே அது கூட்டுச் சொத்து ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1985-இல் தீர்ப்பளித்தது. மாமியாரின் பீரோவிலோ கணவர் பெயரிலுள்ள வங்கி லாக்கரிலோ அது இருந்தால், அவர்கள் அதைப் பாதுகாத்து வைத்திருப்பவர்கள் மட்டுமே. கேட்டபோது தர மறுத்தால் நம்பிக்கை மோசடி என்ற குற்றவியல் புகாருக்கும் இடமுண்டு. நெருக்கடியில் கணவர் மனைவியின் நகையைப் பயன்படுத்தியிருந்தாலும் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில் கேரளத்து வழக்கு ஒன்றில் கூறி, மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் வழங்க உத்தரவிட்டது.

இந்த நகைகளை விவாகரத்து வழக்கிலேயே கேட்டுவிட முடியுமா? இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, திருமணத்தையொட்டிக் கொடுக்கப்பட்டு இருவருக்கும் கூட்டாக உரியதாக இருக்கக்கூடிய பொருள்களைப் பற்றி விவாகரத்துத் தீர்ப்பாணையிலேயே நீதிமன்றம் உத்தரவிடலாம் என்கிறது. அந்தச் சட்டத்தில் சொத்தைப் பற்றிப் பேசும் பிரிவு இது ஒன்றே. அதன் எல்லையும் குறுகியது.

நடைமுறையில் வழக்கு தோற்பது உரிமையில் அன்று, சான்றில்தான். எத்தனை பவுன் போட்டோம் என்பதற்கு நகைக்கடை ரசீது இருக்காது. இருந்தாலும் அது பெண்ணின் தந்தை பெயரில் இருக்கும். திருமணத்தில் தரப்படும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி இருதரப்பும் கையொப்பமிட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. அதைச் செய்யும் குடும்பத்தைக் காண்பது அரிது. கல்யாணத்தன்று மொய் நோட்டில் நூறு ரூபாயைக்கூட விடாமல் எழுதுகிற நாம், பல லட்சம் மதிப்புள்ள நகைக்கு ஒரு பட்டியல் எழுதத் தயங்குகிறோம். பட்டியல் இல்லாதபோது திருமணப் புகைப்படங்கள், காணொளி, நகைக்கடன் ஆவணங்கள், நகையை நேரில் பார்த்த உறவினரின் சாட்சியம் ஆகியவற்றைக் கொண்டுதான் வழக்கை நடத்த வேண்டும்.

ஜீவனாம்சம்: பல கதவுகள்

ஜீவனாம்சம் கேட்க ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்கள் இருப்பதுதான் புதியவர்களைக் குழப்புகிறது. விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது மாதச் செலவுக்கும் வழக்குச் செலவுக்கும் கேட்பது இடைக்கால ஜீவனாம்சம். அது இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் வருகிறது. தீர்ப்பின்போதோ அதற்குப் பிறகோ கேட்பது நிரந்தர ஜீவனாம்சம். அது 25-ஆம் பிரிவு. இந்த இரண்டையும் மனைவி மட்டுமின்றிக் கணவரும் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. மனைவி நன்றாகச் சம்பாதித்து, கணவர் உடல்நலக் குறைவால் வேலை செய்ய இயலாமல் இருந்தால், மனைவி தர வேண்டிவரும்.

இவற்றுக்கு வெளியே, மதவேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று நெடுங்காலம் அறியப்பட்ட அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாக இருக்கிறது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத மனைவி, குழந்தைகள், பெற்றோர் ஆகியோர் இதன்கீழ் கேட்கலாம்; மறுமணம் செய்துகொள்ளாத, விவாகரத்தான பெண்ணும் இங்கே மனைவி என்ற சொல்லில் அடங்குவார். 1985-இல் ஷா பானோ வழக்கில் பெரும் விவாதத்துக்கு உள்ளானது இந்தப் பிரிவுதான். விவாகரத்தான முஸ்லிம் பெண்ணுக்கும் இது பொருந்தும் என்பதை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 10 அன்று மீண்டும் உறுதி செய்தது. தகுந்த காரணமின்றிக் கணவரோடு வாழ மறுக்கும் மனைவிக்கு இதன்கீழ் உரிமை இல்லை என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சேர்ந்து வாழும்படி கணவர் தீர்ப்பாணை வாங்கியிருந்தும் மனைவி திரும்பிப் போகவில்லை என்பது மட்டுமே ஜீவனாம்சத்தை மறுக்கப் போதாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கூறியது; அவர் போகாததற்குத் தகுந்த காரணம் இருக்கிறதா என்பதைத் தனியே பார்க்க வேண்டும்.

குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழும் பண நிவாரணம் கேட்கலாம். ஒரே பெண் இரண்டு மூன்று வழிகளிலும் மனு போடுவதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் முன்பு கிடைத்த உத்தரவை அடுத்த நீதிமன்றத்தில் மறைக்கக் கூடாது, ஒன்றில் கிடைத்த தொகை மற்றொன்றில் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும்.

எவ்வளவு கிடைக்கும்?

இதற்குச் சூத்திரம் இல்லை. நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு என்று பரவலாகச் சொல்லப்படுவது, உச்ச நீதிமன்றம் 2017-இல் மேற்கு வங்க வழக்கு ஒன்றில் நியாயமானது என்று குறிப்பிட்ட அளவு. அந்த வழக்கில் மாதம் 23,000 ரூபாய் என்றிருந்த தொகை 20,000 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பேச்சைத் தொடங்க அந்த எண் உதவும். எல்லா வழக்கையும் கட்டுப்படுத்தும் விதி அன்று அது.

நீதிமன்றம் பார்ப்பவை வேறு. திருமண வாழ்க்கை எத்தனை ஆண்டுகள் நீடித்தது, இருவரும் எந்தத் தரத்தில் வாழ்ந்தார்கள், இருவரின் வயது, உடல்நலம், படிப்பு, உண்மையான வருமானம், குழந்தை யாரிடம் இருக்கிறது, குடும்பத்துக்காக யார் வேலையைத் துறந்தார் என்பவற்றோடு, பணம் தர வேண்டியவரின் பிற பொறுப்புகளும் எடைபோடப்படும். மேலே சொன்ன எடுத்துக்காட்டில் மனைவிக்கு வீட்டில் பங்கு கிடைக்காமல் போகலாம். ஆனால் அவர் பன்னிரண்டு ஆண்டுகள் வேலைச் சந்தைக்கு வெளியே இருந்ததும், இனி நுழைந்தாலும் பழைய சம்பளம் கிடைப்பது கடினம் என்பதும் ஜீவனாம்சத்தில் எடை பெற வேண்டியவை. கணவரோ வீட்டுக் கடன் தவணையைக் காட்டி, கையில் மிஞ்சுவது குறைவு என்பார். வருமான வரி, கட்டாய வருங்கால வைப்பு நிதி போன்ற பிடித்தங்களை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. தம் பெயரில் சொத்து சேர்ப்பதற்காகக் கட்டும் தவணையை முன்னிறுத்தி மனைவி, குழந்தையின் செலவைப் பின்னுக்குத் தள்ள அவ்வளவு எளிதில் இடம் தருவதில்லை.

மனைவி படித்தவர், ஆகவே சம்பாதித்துக்கொள்ளட்டும் என்ற வாதம் ஏறக்குறைய எல்லா வழக்கிலும் எழும். சம்பாதிக்கக்கூடிய தகுதியும் உண்மையில் சம்பாதிப்பதும் ஒன்றல்ல; சிறிது வருமானம் இருப்பதாலேயே உரிமை போய்விடாது. மறுபுறம், தமக்குப் போதுமான சம்பளம் உள்ள மனைவிக்குத் தொகை மறுக்கப்படுவதும் உண்டு. முன்னாள் கணவர் பின்னாளில் செல்வந்தரானார் என்பதற்காக அவருக்கு இணையான செல்வநிலையை ஜீவனாம்சமாகக் கேட்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. வேலை இல்லை என்று கணவர் சொல்வதும் தப்பிக்கும் வழி ஆகாது. உடல்திறன் உள்ளவர் கூலி வேலை செய்தாவது குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது 2022-ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பு.

வருமானத்தை மறைப்பதுதான் இந்த வழக்குகளின் பழைய நோய். அதற்கு மருந்தாக, ரஜ்னேஷ் எதிர் நேஹா என்ற வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான வழிமுறைகளை வகுத்தது. இருவரும் தத்தம் சொத்து, கடன், வருமானம், செலவு ஆகியவற்றைக் குறிப்பிட்ட படிவத்தில் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்தரப்புக்கு அதற்கு நான்கு வார அவகாசம். விவசாயக் குடும்பத்தாருக்கு நிலத்தின் பரப்பு, பயிர், கால்நடை முதலியவற்றைக் கேட்கும் தனிப் படிவமும் அதில் உண்டு. சம்பளச் சீட்டு இல்லாதவரிடமிருந்து எதையும் பெற முடியாது என்ற நிலையை இது ஓரளவு மாற்றியது. மனு தாக்கல் செய்த தேதியிலிருந்தே ஜீவனாம்சம் வழங்கப்பட வேண்டும் என்பதும் இதே தீர்ப்புதான். வழக்கை இழுத்தடிப்பவருக்கு முன்பு கிடைத்துவந்த லாபம் இதனால் குறைந்தது. ஆகவே மனைவியோ கணவரோ, வழக்கு வரும் என்று தெரிந்தால், வங்கிக் கணக்கு விவரம், வருமான வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

நிரந்தர ஜீவனாம்சம் மாதத் தொகையாகவும் இருக்கலாம், ஒரே தவணையில் தரும் மொத்தத் தொகையாகவும் இருக்கலாம். மாதத் தொகையை விலைவாசி தின்றுவிடும் என்பதால், 2025 மே மாதத் தீர்ப்பு ஒன்றில் உச்ச நீதிமன்றம் மாதம் 50,000 ரூபாயை நிர்ணயித்து, இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 விழுக்காடு உயர்வையும் சேர்த்தது. வழக்கறிஞரிடம் இப்படியொரு உயர்வைக் கேட்கச் சொல்வது எளிது; விட்டுவிட்டால், சூழ்நிலை மாறியது என்று காட்டிப் பின்னாளில் மீண்டும் நீதிமன்றம் போக வேண்டும். அந்த வழி இருபக்கமும் திறந்தது: வேலை போனவர் குறைக்கக் கேட்கலாம், பெற்றவர் மறுமணம் செய்துகொண்டால் நிறுத்தக் கேட்கலாம்.

உத்தரவு கிடைத்த பிறகும் பணம் வராமல் போவது உண்டு. 144-ஆம் பிரிவின் கீழான நிலுவையைப் பணம் செலுத்த வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டு வசூலிக்க வேண்டும். தராதவருக்கு ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம். மாதாமாதம் வரவில்லை என்றால் அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது இந்த வழியில் இழப்பைத் தரும். உரிமையியல் நடைமுறையில், ஜீவனாம்சத் தீர்ப்பாணைக்காகச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு வரை பற்றுகை செய்ய, அதாவது நீதிமன்ற உத்தரவின் மூலம் பிடித்துக்கொள்ள, முடியும். சாதாரணக் கடனுக்கு இவ்வளவு கடுமை இல்லை.

சமரசமாகப் பிரிபவர்கள் கவனிக்க வேண்டியவை

பரஸ்பர சம்மத விவாகரத்தில் நீதிமன்றம் பிரித்துத் தர முடியாததைக்கூடத் தம்பதியர் தாமே பிரித்துக்கொள்ளலாம். வீட்டை மனைவிக்கு எழுதிவைத்து மாதத் தொகையைக் குறைப்பது, மொத்தத் தொகையை வாங்கிக்கொண்டு கூட்டு வீட்டிலுள்ள பங்கை விட்டுக்கொடுப்பது என எதையும் உடன்பாட்டில் எழுதலாம். உண்மையான சொத்துப் பங்கீடு இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் இந்த மேசையில்தான். ஆனால் உடன்பாட்டில் எழுதியது மட்டும் போதாது. வீட்டை மாற்றுவதற்குப் பதிவு செய்யப்பட்ட ஆவணம் வேண்டும். தமிழ்நாட்டில் கணவன் மனைவி உறவு இருக்கும்போது எழுதும் தான செட்டில்மெண்டுக்குக் குடும்பத்தாருக்குரிய முத்திரைத் தீர்வைச் சலுகை உண்டு என்பதால், தீர்ப்புக்கு முன் பதிவு செய்வதா, பின் செய்வதா என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். வீட்டுக் கடனில் இருவரும் கையொப்பமிட்டிருந்தால், இனி கணவர் கட்டுவார் என்று தீர்ப்பில் இருந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. தவணை நின்றால் மனைவியிடமும் வங்கி கேட்கும். ஆகவே கடனை ஒருவர் பெயருக்கு மாற்றி, மற்றவரை விடுவிக்கும் கடிதத்தை வங்கியிடமிருந்து வாங்கிய பிறகே இறுதி மனுவில் கையொப்பமிடுவது பாதுகாப்பு.

குழந்தைக்கான செலவைப் பெற்றோர் தமக்குள் பேசி விட்டுக்கொடுத்துவிட முடியாது. அது குழந்தையின் உரிமை. மனைவிக்குரிய மொத்தத் தொகையில் குழந்தையின் செலவும் அடங்கும் என்று ஒரே வரியில் எழுதப்படும் உடன்பாடுகள் பிற்பாடு வழக்காகத் திரும்பி வருவதால், குழந்தையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் தனித் தொகையைக் குறிப்பிட்டு எழுத வேண்டும். வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, வங்கி வைப்பு ஆகியவற்றில் உள்ள நியமனதாரர் பெயரும் விவாகரத்தால் தானாக மாறுவதில்லை. ஒவ்வோர் அலுவலகத்திலும் தனித்தனியே படிவம் கொடுத்து மாற்ற வேண்டும். மனைவி, குழந்தைகளின் நலனுக்காக 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்களின் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுத்த ஆயுள் காப்பீட்டை மட்டும் கணவர் தனியாக மாற்ற முடியாது. அது அவர்களுக்காக வைக்கப்பட்ட அறக்கட்டளைச் சொத்தாகவே நிற்கும்.